ஹோல், ஹேல், முழுசு

டென்மார்க்கில் 2014 பள்ளிச் சீர்திருத்தத்துக்குப் பிறகு முதலாம் வகுப்பிலேயே ஆங்கிலம் தொடங்கிவிடுகிறது. இங்கே ஹோர்சன்ஸில் வளரும் எங்கள் பிள்ளைகளுக்கு அது மூன்றாவது மொழி. ஆனாலும் 'முழு' என்று பொருள் தரும் 'ஹோல்' என்ற ஆங்கிலச் சொல்லை அவர்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. டேனிஷில் இருக்கும் 'ஹேல்' அதன் உடன்பிறப்பு, இரண்டுக்கும் ஒரே வேர். எழுத்தில் முன்னால் நிற்கும் ஒலிக்காத 'டபிள்யூ' 15ஆம் நூற்றாண்டளவில் வந்து ஒட்டிக்கொண்டது. அதை விட்டுவிட்டு எழுதினால் முழுசு ஓட்டையாகிவிடும். சொல்வதெழுதலில் பிள்ளைகள் மாட்டுப்படுவது அங்கேதான்.

இந்த வேரிலிருந்துதான் ஆங்கிலத்தில் சுகம், குணமாகுதல், புனிதம் என்ற பொருளுள்ள 'ஹெல்த்', 'ஹீல்', 'ஹோலி' எல்லாம் வந்தன. டேனிஷிலும் அப்படியே: புனிதம் 'ஹெலி', உடல்நலம் 'ஹெல்பிறெத்'. முழுசாக இருப்பது என்றால் காயம் நோய் இல்லாமல் இருப்பது என்பதுதான் பழைய பொருள். நாங்களும் "பூரண சுகம்" என்றுதானே சொல்கிறோம்?

ஆனால் உடன்பிறப்புகள் எல்லா இடத்திலும் ஒத்துப்போவதில்லை. ஆங்கிலத்தில் 'ஹோல் மில்க்' என்ற கொழுப்பெடுக்காத பால், இங்கே கடைத் தட்டில் 'ஸொத்மெல்க்', அதாவது இனிப்புப் பால். சீனி ஒன்றும் போடவில்லை, 3.5 சதவீதக் கொழுப்புள்ள சாதாரணப் பால்தான். தவிடு நீக்காத தானியத்துக்கு 'ஃபுல்கோர்ன்' என்பார்கள். அங்கேயும் 'ஹேல்' கிடையாது. இலக்கணத்திலும் ஒரு பள்ளம் உண்டு. டேனிஷில் 'ஹேல டென்மார்க்' சரி. ஆங்கிலத்தில் நாட்டின் பெயருக்கு முன்னால் அப்படி வெறுமனே வைக்க முடியாது, 'த ஹோல் ஒஃப்' என்று சுற்றி வர வேண்டும். வகுப்பில் ஆசிரியர்கள் திருத்திவிடுவார்கள், அதைப்பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை.

யாரும் திருத்தாதது தமிழில் நடப்பதுதான். 'ஹேல'யைப் பிள்ளைகள் எல்லா இடத்திலும் 'முழு' என்று மாற்றிவிடுகிறார்கள். "முழு இரவும் மழை பெய்தது." "முழுக் குடும்பமும் வந்தது." "முழு நேரமும் கதைக்கிறான்." பிழை என்று சொல்ல முடியாது. ஆனால் அம்மம்மாமார் இப்படியா கதைத்தார்கள்? மழை விடிய விடியப் பெய்தது. ஆட்கள் குடும்பத்தோடை வந்தினம். அவன் எந்நேரமும் கதைக்கிறான். உடம்பெல்லாம் நோகுது, வழி நெடுகச் சண்டை, மனசார வாழ்த்தினா. தேங்காய் ஒன்றுதான் எப்போதும் முழுத்தேங்காய்! 2006இல் மூடப்பட்ட எங்கள் ஊர்ப் பழைய சிறைச்சாலையில் இப்போது பெரிய இசை நிகழ்ச்சிகள் நடக்கின்றன. அங்கே கூடும் கூட்டத்தைச் சொல்லத் தமிழில் ஒரு 'ஏ' போதும்: "ஊரே அங்கைதான் நிண்டது." மகள் முதலில் அதைக் கேட்டபோது, "ஊர் எப்பிடியப்பா நிக்கும்?" என்று கேட்டாள்.

ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று பட்டியல் போட்டுப் படிப்பித்தால் இவை ஒன்றும் வராது. வார இறுதித் தமிழ் வகுப்புப் புத்தகம் 'முழு' என்பதோடு நின்றுவிடும், அதுவும் அதன் வேலையில்லை. "விடிய விடிய" வீட்டில் காதில் விழுந்தால்தான் உண்டு. டேனிஷ் சுலபம் என்று அதிலேயே பிள்ளைகளோடு கதைக்கும் என் வயதுப் பெற்றோர் நிறையப்பேர். எனக்கும் நாள் முடிவில் அதுதான் நாக்கில் வருகிறது. ஆனால் இந்தத் தலைமுறையில் நாங்கள் சொல்லாவிட்டால் பிள்ளைகளுக்கு வேறு யார் சொல்லப் போகிறார்கள்?

முழுசை விட அரை இன்னும் மோசம். டேனிஷில் 'ஹல் த்றே' என்றால் மூன்றுக்கு அரை மணி நேரம் இருக்கிறது, எங்கள் இரண்டரை. ஒன்றரைக்கு 'ஹலான்ன', அதாவது இரண்டாவதில் பாதி. டேனிஷ் வரப்போகும் முழுசைப் பார்க்கிறது, தமிழ் முடிந்துபோன முழுசின் மேல் அரையைக் கூட்டுகிறது. 'மூண்டரைக்கு வருவோம்' என்று பிள்ளை தொலைபேசியில் சொன்னால், எந்த மொழியில் யோசித்துச் சொன்னது என்று ஒருதரம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த 'அரை' மணிக்கூட்டோடு நிற்பதில்லை. ஒன்பது வயது மகள் ஒருநாள், தான் அரை டேனிஷ், அரைத் தமிழ் என்று வகுப்பில் சொன்னதாகச் சொன்னாள். என் தொழில் மென்பொருள் என்பதால் எனக்கு முழு எண்தான் ஞாபகம் வந்தது. டேனிஷில் அது 'ஹேல்டால்'. ஆங்கிலத்தில் 'இன்டிஜர்', லத்தீனில் தொடப்படாதது என்று பொருள். பல கணினி மொழிகளில் முழு எண்ணாக வைத்து ஒன்றை இரண்டால் வகுத்தால் அரை வராது, பூச்சியம்தான் வரும். மடிக்கணினியில் செய்து காட்டினேன். திரும்பவும் அடித்துப் பார்த்தாள். அதே பூச்சியம்.

"அப்ப நான் ரெண்டும் ஹேல் எண்டு போடுங்கோ," என்றாள். அதற்கு விடை இரண்டு என்று வந்தது.