பிராக் நகரில் முதல் நாள்

செக் குடியரசின் தலைநகரான பிராக், முதுகுப்பையோடு ஐரோப்பா சுற்றும் இளைஞர்களின் பாதையில் சற்றுத் தாமதமாகச் சேர்ந்த ஊர். 21 வயது வரை உள்ளவர்கள் ஒரே சீட்டில் பல நாடுகளுக்கு ரயிலில் போய்வர வழிசெய்த இன்டர்ரெயில் திட்டம் 1972-ல் தொடங்கியது. அப்போது செக்கோஸ்லோவாக்கியா சோவியத் முகாமில் இருந்தது. மேற்கிலிருந்து வருபவர்கள் நினைத்த மாத்திரத்தில் எல்லை தாண்டிவிட முடியாத காலம் அது. 1989 நவம்பரில் கம்யூனிஸ்ட் ஆட்சி சரிந்த பிறகே கதவு திறந்தது. இன்று பெர்லினிலிருந்தும் வியன்னாவிலிருந்தும் ரயில் ஏறினால் சுமார் நாலு மணி நேரத்தில் பிராக் வந்துவிடும்.

காசைப் பார்த்துச் செலவழிக்கும் பயணிக்கு இங்கே ஒரு பெரிய வசதி: பார்க்க வேண்டியவை எல்லாம் நடக்கும் தொலைவுக்குள் நெருங்கிக் கிடக்கின்றன. பழைய நகரம், புதிய நகரம், மாலா ஸ்த்ரானா, ஹ்ராட்சனி என்று தனித்தனியாக இருந்த நான்கு நகரங்கள் 1784-ல் ஒன்றாக்கப்பட்டன. புதிய நகரம் என்றதும் அண்மைக் காலத்தது என்று எண்ண வேண்டாம். மன்னர் நான்காம் சார்லஸ் அதை நிறுவியது 1348-ல். முதல் நாளில் இந்த நான்கையும் காலால் அளந்து பார்த்தாலே போதும். அரண்மனை, அருங்காட்சியகம் என்று உள்ளே போய்ப் பார்ப்பவற்றை மறுநாளுக்கு ஒத்திவைப்பதுதான் நல்லது. வந்த அன்றே வரிசையில் நின்று சீட்டு வாங்குவதில் பொழுதைப் போக்குபவர்களுக்கு ஊரின் திக்குத்திசையே பிடிபடுவதில்லை.

பெரும்பாலோர் வந்து இறங்குவது முதன்மை ரயில் நிலையத்தில். யோசெஃப் ஃபாந்தா வடிவமைத்த அதன் பழைய கட்டடம் 1909-ல் முடிந்தது. கீழ்த்தளக் கடைகளின் வழியாகவே வெளியேறிவிடுபவர்கள் மேலே உள்ள குவிமாட மண்டபத்தைத் தவறவிடுகிறார்கள். முதல் நடைமேடையில் குழந்தைகளோடு நிற்கும் ஒரு மனிதரின் சிலை இருக்கிறது. அவர் நிக்கோலஸ் விண்டன். 1939-ல், போர் மூள்வதற்கு முன், பெரும்பாலும் யூதக் குழந்தைகளான 669 பேரைப் பிரிட்டனுக்கு ரயிலேற்றி அனுப்பக் காரணமாக இருந்தவர்.

பணம் பறிபோவதும் பெரும்பாலும் முதல் நாளில்தான். செக் குடியரசு 2004-ல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. 2007 டிசம்பரில் ஷெங்கன் எல்லைக்குள்ளும் வந்தது. ஆனால் நாணயம் மட்டும் இன்னும் கொருனாதான். யூரோவைக் கொருனாவாக மாற்றும் கடைகள் சுற்றுலாத் தெருக்களில் வரிசையாக இருக்கும். கமிஷன் கிடையாது என்று பெரிதாக எழுதிவிட்டு, விகிதத்தில் கைவைக்கும் கடைகளுக்குப் பிராக் நெடுங்காலம் பேர்போனது. அந்தப் புகார்கள் பெருகியதால் 2019 ஏப்ரலில் சட்டம் திருத்தப்பட்டது. 1,000 யூரோ மதிப்பு வரையிலான பரிமாற்றத்தை, ரசீது கையில் இருந்தால், மூன்று மணி நேரத்துக்குள் ரத்து செய்து பணத்தைத் திரும்பப் பெறலாம். தெருவில் நின்றபடி நல்ல விகிதம் தருவதாக அழைப்பவரிடம் இந்த உரிமை செல்லாது. அவர் தருவது வேறொரு நாட்டின் மதிப்பிழந்த நோட்டாகவும் இருக்கலாம். ஏடிஎம் இயந்திரம், பயணியின் சொந்த நாணயத்திலேயே கணக்கிட்டுத் தரவா என்று கேட்கும். வேண்டாம் என்று அழுத்துவதே லாபம்.

அடுத்த கண்ணி டிராம், மெட்ரோ சீட்டு. மூன்று தடங்கள் கொண்ட மெட்ரோ 1974 முதல் ஓடுகிறது. நுழைவாயிலில் தடுப்புக் கதவு கிடையாது, யாரும் கேட்பதும் இல்லை. காகிதச் சீட்டை வாங்கினால் மட்டும் போதாது. மஞ்சள் பெட்டியில் நுழைத்து நேரம் பதித்த பிறகே அது செல்லும். சாதாரண உடையில் வரும் பரிசோதகர்கள், முத்திரையில்லாத சீட்டைச் சீட்டாகவே கருதுவதில்லை. டிராமுக்குள் உள்ள இயந்திரத்தில் அட்டையைத் தொட்டு எடுக்கும் சீட்டில் நேரம் ஏற்கெனவே பதிந்திருக்கும்.

ஹாஸ்டலைத் தேடும்போது வீட்டுச் சுவரில் சிவப்பு, நீலம் என இரண்டு எண் பலகைகள் தெரியும். சிவப்பு, அந்த வட்டாரத்துப் பதிவேட்டு எண். தெருவில் எத்தனையாவது வீடு என்பதைச் சொல்வது நீலம். முகவரியில் இரண்டையும் சாய்கோடு போட்டு எழுதுவார்கள். வழி கண்டுபிடிக்க நீலம் போதும். ஹாஸ்டல்களில் அறைச் சாவி கிடைப்பது பொதுவாகப் பிற்பகலில்தான் என்றாலும் பையை முன்னதாகவே வைத்துவிட்டுப் போக விடுவார்கள். பூட்டு மட்டும் கையோடு கொண்டுபோவது நல்லது.

பழைய நகரச் சதுக்கத்தில் கூட்டம் எப்போதும் நகர மண்டபத்தின் சுவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும். அங்கே இருப்பது 1410-ல் அமைக்கப்பட்ட வானியல் கடிகாரம். மணிக்கொரு தடவை எலும்புக்கூடு மணியடிக்க, இயேசுவின் சீடர்களின் உருவங்கள் சன்னலில் வரிசையாகத் தோன்றி மறையும். ஒரு நிமிடம்கூட நீடிக்காத இந்தக் காட்சியைப் பார்த்துப் பலர் ஏமாந்து திரும்புகிறார்கள். உண்மையில் பார்க்க வேண்டியது கடிகாரத்தின் முகத்தைத்தான். சூரியனும் சந்திரனும் எந்த ராசியில் நிற்கின்றன என்பதோடு, சூரியன் மறைந்ததிலிருந்து எண்ணப்படும் பழைய செக் நேரத்தையும் அது காட்டுகிறது. அதே நகர மண்டபத்தின் அடியில், கல் பாவிய தரையில், 27 வெள்ளைச் சிலுவைகள் பதிக்கப்பட்டுள்ளன. ஹாப்ஸ்பர்க் ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்ததற்காக 1621 ஜூன் 21-ல் அங்கே கொல்லப்பட்ட 27 பேரின் நினைவு அவை. கடிகாரத்தைப் படமெடுக்கும் கூட்டம் அவற்றின்மேல்தான் நடமாடுகிறது. எதிரே உள்ள டீன் தேவாலயத்தில் வானியலாளர் டைக்கோ பிராஹியின் கல்லறை இருக்கிறது. அவரது அளவீடுகளை வைத்துக் கெப்ளர் கோள் இயக்கத்தின் முதல் இரண்டு விதிகளை 1609-ல் வெளியிட்டபோது இந்த ஊரில்தான் இருந்தார்.

சதுக்கத்திலிருந்து சில நிமிட நடையில் பழைய யூதப் பகுதியான யோசெஃபோவ். பின்காஸ் தொழுகைக்கூடத்தின் சுவர்களில், நாஜிகளால் கொல்லப்பட்ட செக் யூதர்கள் 77,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் எழுதப்பட்டுள்ளன. அவசரத்தில் பார்த்துவிட்டுப் போகும் இடமல்ல அது. வல்தாவா ஆற்றை ஒட்டிய யான் பலாக் சதுக்கத்தில் சார்லஸ் பல்கலைக்கழகத்தின் கலைப்புலம் நிற்கிறது. 1968-ல் நடந்த சோவியத் படையெடுப்புக்குப் பின் நாடு பணிந்துபோவதை எதிர்த்து 1969 ஜனவரியில் தீக்குளித்த மாணவர் பலாக், இங்கே படித்தவர். தமிழறிஞர் கமில் சுவலபில் பிராக்கில் பிறந்தவர். இந்தப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தவர். அந்தப் படையெடுப்பை அடுத்து அவரும் நாட்டைவிட்டு வெளியேறினார்.

சாப்பாட்டுக்கு நேரம் முக்கியம். வேலை நாட்களில் நண்பகலை ஒட்டி உள்ளூர் உணவகங்கள் தரும் மதிய மெனுவே காசுக்கு ஏற்றது. மாட்டிறைச்சிக் குலாஷும் மாவு உருண்டைத் துண்டுகளும் வழக்கமான சாப்பாடு. சைவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது பொரித்த பாலாடைக்கட்டி. பழங்காலச் செக் பலகாரம் என்று தெருவெங்கும் விற்கப்படும் த்ர்தெல்னிக், ஸ்லோவாக்கியாவின் ஸ்காலிட்சா ஊரோடு சேர்த்தே அறியப்படுவது. ருசியைக் குறை சொல்ல முடியாது, விளம்பரத்தைத்தான் நம்ப முடியாது.

சார்லஸ் பாலத்தை நண்பகலில் கடப்பது, தேர்த்திருவிழாக் கூட்டத்தில் முண்டுவது போலத்தான். அதிகாலை அல்லது பின்மாலையே அதற்கு ஏற்ற வேளை. பாலத்தின் நீளம் 516 மீட்டர், சிலைகள் 30. பெரும்பாலான சிலைகள் நகல்கள். மூலங்கள் பாதுகாப்பாக வேறிடத்தில் உள்ளன. 1357-ம் ஆண்டு, 9-ம் தேதி, 7-ம் மாதம், 5 மணி 31 நிமிடம் என்று ஒற்றைப்படை எண்கள் ஏறி இறங்கும்படி நேரம் குறித்து அடிக்கல் நாட்டினார்கள் என்பது ஊர் சொல்லும் கதை. முகூர்த்தம் பார்ப்பது நம்மூர் வழக்கம் மட்டுமல்ல போலிருக்கிறது. அரசனின் கோபத்துக்கு ஆளாகி 1393-ல் வல்தாவா ஆற்றில் எறியப்பட்ட நெபோமுக் ஜானின் சிலையடியில், பித்தளைத் தகடு கைபட்டுக் கைபட்டுப் பளபளக்கிறது.

அக்கரையில் மாலா ஸ்த்ரானா. அங்கிருந்து கோட்டைக்கு ஏறும் நெரூடா தெருவின் வீடுகளில் இரண்டு சூரியன், மூன்று ஃபிடில் போன்ற சின்னங்கள் இருக்கும். 1770-ல் எண்கள் வரும்வரை வீடுகளுக்கு அவையே அடையாளம். ஏற முடியாதவர்களுக்கு 22-ம் எண் டிராம் உண்டு. கோட்டை முற்றங்களில் நுழையக் கட்டணமில்லை. புனித வைட்டஸ் பேராலயப் பணி 1344-ல் தொடங்கி 1929-ல்தான் நிறைவேறியது. 1618-ல் மன்னரின் பிரதிநிதிகள் இருவரையும் எழுத்தர் ஒருவரையும் சன்னல் வழியே வெளியே தள்ளியது இந்தக் கோட்டையில்தான். மூவரும் உயிர்பிழைத்தார்கள், ஆனால் அதிலிருந்து மூண்ட போர் முப்பது ஆண்டுகள் நீடித்தது.

பீர் மலிவு என்பதை நம்பி வரும் கூட்டத்தால் இரவில் பழைய நகரத்துக்காரர்கள் தூக்கமிழந்ததால், வழிகாட்டியோடு மதுக்கடை மதுக்கடையாகச் செல்லும் இரவுச் சுற்றுலாக்களை நகர நிர்வாகம் 2024-ல் தடை செய்தது. நள்ளிரவையொட்டி மெட்ரோ நின்றுவிடும். அதன்பின் 90-களில் எண் கொண்ட இரவு டிராம்கள்தான், அவை சந்திக்கும் இடம் லாசர்ஸ்கா நிறுத்தம். மறுநாள் சனிக்கிழமையாக இருந்தால் கோட்டையை முதலில் பார்த்துவிடுங்கள். யோசெஃபோவில் உள்ள யூத அருங்காட்சியகம் அன்று திறக்காது.