கிளிமூக்கும் நாராசமும்

ஒரு ஓலைச்சுவடியை எப்படிக் கட்டி வைத்தார்கள் தெரியுமா?

ஏட்டின் இரு பக்கமும் ஒவ்வொரு துளை இருக்கும். கயிறு போவது ஒரு துளையில் மட்டும்தான். இரண்டிலும் கோத்துவிட்டால் ஏட்டைப் பிரித்துப் படிப்பது சிரமமாயிற்றே! அதனால் மற்றத் துளையில் ஒரு குச்சியைச் செருகினார்கள். ஏடுகள் வரிசை கலையாமல் நிற்கும். படிக்கும்போது குச்சியை உருவிக்கொள்ளலாம். குச்சிக்குப் பதில் பித்தளை அல்லது இரும்புக் கம்பி என்றால் அதற்குப் பெயர் நாராசம். காதில் நாராசம் பாய்ந்தது என்கிறோமே, அதே இரும்புக் கம்பிதான்!

கயிற்றின் நுனியைத்தான் பார்க்க வேண்டும். பனையோலையை ஈர்க்கோடு சேர்த்து, கிளியின் அலகு போலக் கத்தரித்து, அங்கே முடிந்துவிடுவார்கள். இதுதான் கிளிமூக்கு. துளை வழியே கயிறு உருவி வராது. பிறகு சுவடியைச் சுற்றிக் கட்டிவிடலாம். எத்தனை முறை அவிழ்த்தாலும் அதே கயிறு, அதே கிளிமூக்கு. செலவு ஒரு துண்டு ஓலை. எவ்வளவு அழகான யோசனை!

இந்தச் செய்திகளைத் தம் தன்வரலாறான ‘என் சரித்திர’த்தில் பதிந்து வைத்தவர் தமிழறிஞர் உ.வே.சாமிநாதையர். ஊர் ஊராகப் போய் இப்படிப்பட்ட கட்டுகளை அவிழ்த்துத்தான் 1887இல் சீவக சிந்தாமணிக் காப்பியத்தை அச்சில் கொண்டுவந்தார். அவர் பெயரில் 1943இல் தொடங்கிய நூல்நிலையம் இன்று பெசன்ட் நகரில் இருக்கிறது. அவர் சேர்த்த சுவடிகள் அங்கே பத்திரமாக உள்ளன.