தறி அட்டையும் 16 பொத்தான்களும்

ஆரணியில் பட்டுத் தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி உட்கார்ந்திருக்கும். கயிற்றில் கோத்த துளை அட்டைகள் அதிலிருந்து மாலைபோலத் தொங்கும். நெசவாளர் மிதியை அழுத்த அழுத்த, அட்டை ஒவ்வொன்றாக முன்னுக்கு வரும். துளை இருக்கும் இடத்தில் பாவு இழை எழும். இல்லாத இடத்தில் எழாது. நாடா ஓடி ஊடை விழுந்ததும் அடுத்த அட்டை. சேலையின் கரையில் அன்னமும் மாங்காயும் உருவாவது இப்படித்தான்.

ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980இல் விற்பனைக்குக் கொண்டுவந்த டிஆர்-808 தாளப்பெட்டியும் ஏறக்குறைய இதே வேலையைச் செய்தது. முகப்பில் வரிசையாக 16 பொத்தான்கள். விளக்கு எரியும் பொத்தானில் அடி விழும், அணைந்ததில் மௌனம். 16 முடிந்தால் மறுபடி ஒன்று. தறிவீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு இதைத் தனியாக விளக்கத் தேவையே இல்லை. இன்றைய இசை மென்பொருள்கள் பலவற்றில் இருப்பதும் அந்தக் கட்டம்தான்.

தாளத்துக்குக் கட்டம் போதும். ராகத்துக்குப் போதாது. தோடியின் காந்தாரம் அசைந்துகொண்டே இருக்க வேண்டும். கீபோர்டில் அழுத்தினால் ஆணி அடித்ததுபோல் நிற்கிறது. ஆகவே நம் ஊரில் சிந்தசைசர் தேடுகிறவர், அதில் எத்தனை ஆயிரம் ஒலிகள் என்று பார்ப்பதற்கு முன், ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போக முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.

மும்பையில் சரண்ஜித் சிங்குக்கு அப்படி ஒரு கருவி கிடைத்தது. இந்தித் திரைப்படங்களுக்கு வாசித்துவந்த அவர், 1982இல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். கையில் இருந்தவை ஜூபிடர்-8, டிஆர்-808, டிபி-303 ஆகிய மூன்று ரோலண்ட் கருவிகள். பாஸ் கிட்டாருக்கு மாற்றாக வந்த டிபி-303இல், அடுத்த சுரத்துக்கு வழுக்க வைக்கும் வசதி இருந்தது. பைரவும் மால்கவுன்ஸும் அதில் ஓடின. அன்று அந்தத் தட்டை வாங்குவாரில்லை. 2010இல் மறுவெளியீடு வந்தபோது உலகம் திடுக்கிட்டது. காரணம், 1987இல் சிகாகோவின் ஃபியூச்சர் குழு அதே டிபி-303ஐக் கொண்டு தொடங்கிவைத்ததாகச் சொல்லப்படும் ஆசிட் ஹவுஸ் நடன இசையின் சாயல், ஐந்து ஆண்டு முந்திய மும்பைத் தட்டில் கேட்டது!

ஏ.ஆர். ரஹ்மான் மேடையில் வாசிக்கும் கன்டினியம் என்ற கருவி இன்னும் ஒரு படி மேல். அதில் கட்டைகளே கிடையாது. வீணைத் தந்தியில் போல விரல் இழைந்து போகும். விலைதான் எட்டாது.

எட்டும் தூரத்தில் இருப்பது கணினியில் ஓடும் சர்ஜ் எக்ஸ்டி என்ற சிந்தசைசர் மென்பொருள். முற்றிலும் இலவசம். வழுக்கும் நேரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். சுருதி வளைவின் எல்லையை விரித்துக்கொள்ளலாம். சொந்தச் சுருதி அமைப்பையே ஏற்றலாம். எண்பதுகளின் புகழ்பெற்ற யமஹா டிஎக்ஸ்7இன் ஒலி வேண்டுமென்றால் டெக்ஸ்ட் (Dexed) என்ற மென்பொருள் இருக்கிறது; அதுவும் இலவசம்.

மிச்சமாகும் பணத்தைக் கைக்கும் காதுக்கும் செலவிடலாம். கணினியோடு இணைக்க 25 கட்டை உள்ள சிறிய மிடி கீபோர்டு போதும், ஆனால் சுருதி வளைக்கும் சக்கரம் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். கமகம் பிறப்பது அந்தச் சக்கரத்தில். அடுத்து, ஒரு நல்ல ஹெட்போன். கட்டையைத் தட்டி, சற்றுக் கழித்து ஒலி வந்தால் வாசிப்பே குலைந்துபோகும். அதற்கு ஆடியோ இன்டர்ஃபேஸ் தேவை. நொடிக்கு 44,100 மாதிரிகள் ஓடும் அமைப்பில் பஃபரை, அதாவது ஒரு தடவையில் திரட்டி அனுப்பும் மாதிரிகளின் எண்ணிக்கையை, 512இல் வைத்தால், அது ஒன்றே 11.6 மில்லி நொடி தாமதம் சேர்க்கும். 128க்கு இறக்கினால் 2.9. விரல் இந்த வித்தியாசத்தை உணரும்.

அடுத்த வாரம்: தறிச் சத்தத்தைக் கைப்பேசியில் பதிவுசெய்து, நாடாவின் ஓட்டத்தை அந்த 16 கட்டங்களுக்குள் உட்கார வைப்பது எப்படி?