குடும்பக் காரின் சாய்வும் ஓர் உருக்குத் தண்டும்

பேராதனையிலிருந்து கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியாவுக்குக் குடும்பத்துடன் காரிற் சென்றவர்கள் இதனை நன்கு அறிவார்கள். கார் வலப்புறம் திரும்பும்போது பின்னாசனத்துப் பிள்ளைகள் யாவரும் இடப்புறத்தில் இருப்பவன்மீது சரிவார்கள்; அடுத்த வளைவில் அவன் தன் பங்குக்கு மற்றவர்களை நெருக்குவான். நாலைந்து வளைவுகள் கழிவதற்குள் தாயாரின் கை எலுமிச்சம்பழத்தைத் தேடும். தந்தையார் சாரதியை முறைப்பார். சாரதி பாதையைக் குறை கூறுவார். குற்றத்திற் பெரும்பங்கு காருடலின் சாய்வுக்கே உரியது என்பதும், அச்சாய்வை அடக்குவதற்கென்றே காரின் அடியில் ஓர் உருக்குத் தண்டு கிடக்கிறது என்பதும் பலர் அறியாதவை.

நம் நாட்டுக் கராஜ்களில் அத்தண்டை ‘ஸ்டெபிலைசர் பார்’ என்கிறார்கள். கார்களில் ஆர்வங்கொண்ட இளைஞர்கள், காரோடு வந்த தண்டைக் கழற்றிவிட்டு அதனிலும் தடித்த தண்டொன்றைப் பூட்ட விரும்புவதுண்டு. “அப்பா, நம்முடைய காருக்கும் பூட்டுவோமா?” என்று மகன் கேட்க, ஆமென்பதோ இல்லையென்பதோ தெரியாமல் தந்தையார் விழிக்கும் வீடுகள் சில உண்டு. அவ்வீடுகளை மனத்திற் கொண்டே இதனை எழுதுகிறோம்.

கார் ஏன் சாய்கிறது? ரயர்கள் தரையைப் பற்றிக்கொண்டு திரும்புகின்றன. காரின் உடலோ அவற்றுக்கு மேலே, வில்களின்மீது அமர்ந்திருக்கிறது. சடத்துவத்தின் காரணமாக அது நேரே செல்லவே நாடுகிறது. கீழே இழுக்கப்பட்டு மேலே பின்தங்கும் எப்பொருளும் சாய்ந்தே தீரும். வளைவின் வெளிப்புறத்து வில்கள் அமுங்குகின்றன. உட்புறத்து வில்கள் நீள்கின்றன. வில்களையே மிகவும் விறைப்பாகச் செய்துவிட்டால் சாய்வு குறையும் என்பது உண்மையே. ஆனால் அவ்வாறு செய்த காரிற் கிடங்கும் பள்ளமுமான தெருவிற் செல்வது மாட்டுவண்டிப் பயணத்தை ஒக்கும்.

இந்த இடரைக் கடக்கவே நமது தண்டு தோன்றியது. கனடாவின் நியூ பிறன்ஸ்விக் மாகாணத்து பிறெடெரிக்டன் நகரைச் சேர்ந்த ஸ்டீபன் கோல்மன் என்பவர் 1919ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆந் திகதி இதற்குப் புனைவுரிமை பெற்றார். அதன் உருவத்தை விளக்கப் படம் வேண்டியதில்லை; நமது ‘ப’ என்னும் எழுத்தே போதும். வில்லுருக்காலான பெரிய ‘ப’ ஒன்றைக் காரின் அடியிற் படுக்க வைத்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். ‘ப’வின் அடிக்கோடு காரின் குறுக்கே இடமிருந்து வலமாகச் சென்று, இரண்டு இறப்பர் புஷ்களினூடாகக் காரின் சட்டத்தோடு பிணைக்கப்பட்டிருக்கும். அதன் இரு கைகளின் நுனிகளும் ‘லிங்க்’ எனப்படும் சிறு கோல்களால் இடச்சில்லின் அமைப்போடும் வலச்சில்லின் அமைப்போடும் தொடுக்கப்பட்டிருக்கும்.

இதன் சாதுரியத்தைக் கவனியுங்கள். தெருவில் வேகத்தடை ஒன்று குறுக்கிடுகிறது. இரு சில்லுகளும் ஒருங்கே மேலெழுகின்றன. அப்போது தண்டு தன் புஷ்களுக்குள்ளே சற்று உருள்வதன்றி வேறொன்றுஞ் செய்வதில்லை. பயணத்தின் மென்மை கெடுவதில்லை. வளைவிலோ ஒருபக்கச் சில்லு காருடலை நோக்கி மேலெழ, மறுபக்கச் சில்லு கீழிறங்குகிறது. இப்போது ‘ப’வின் ஒரு கை மேலும் ஒரு கை கீழுமாக இழுபட, அடிக்கோடு முறுக்குண்ணுகிறது. ஈரத்துணியைப் பிழிவதுபோன்ற இம்முறுக்கத்தை உருக்கு எதிர்க்கிறது. அவ்வெதிர்ப்பே சாய்வைத் தடுக்கிறது. மாணவர்கள் தடித்த கம்பியொன்றை ‘ப’ வடிவில் வளைத்து இதனைச் சோதித்துப் பார்க்கலாம். அடிக்கோட்டின் இரு ஓரங்களையும் ஒருவர் தளர்வாகப் பிடித்திருக்க, மற்றவர் இரு கைகளையும் ஒன்றாக உயர்த்தட்டும். பிறகு ஒன்றை மட்டும் உயர்த்தட்டும். வேறுபாடு விரல்களிலேயே தெரியும்.

தண்டின் தடிப்புப் பற்றிய கணக்கு வியப்பானது. முறுக்கத்துக்கெதிரான விறைப்பு, விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடுகிறது. 20 மில்லிமீற்றர் தண்டுக்குப் பதிலாக 22 மில்லிமீற்றர் தண்டு பூட்டினால், கண்ணுக்கு அது அற்ப வித்தியாசம். விறைப்போ 46 வீதம் ஏறிவிடுகிறது. 24 மில்லிமீற்றர் என்றால் இரு மடங்கையும் தாண்டிவிடும். ஆகவே, கடைக்காரர் “நாலு மில்லிமீற்றர் தானே!” என்று கூறும்போது அந்த ‘தானே’யை நாம் நம்பலாகாது. இதே கணக்கினால்தான் உள்ளே குழலான தண்டுகளும் செய்யப்படுகின்றன. 24 மில்லிமீற்றர் தண்டின் நடுவே 12 மில்லிமீற்றர் துளை இருப்பின் எடையிற் காற்பங்கு குறையும். விறைப்பில் பதினாறில் ஒரு பங்கே குறையும்.

இனி, பலர் தவறாக எண்ணும் ஓரிடத்துக்கு வருகிறோம். தண்டு தடித்துவிட்டால் வெளிச்சில்லுகள்மீது விழும் பாரம் குறைந்துவிடும் என்று நினைக்கிறார்கள். அவ்வாறன்று. 1200 கிலோகிராம் நிறையுள்ள கார் ஒன்றைக் கொள்வோம். அதன் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 55 சதமமீற்றர் உயரத்திலும், இடவலச் சில்லுகளுக்கிடையேயான தூரம் 150 சதமமீற்றராகவும் இருக்கட்டும். 30 மீற்றர் ஆரையுள்ள வளைவில் மணிக்கு ஏறத்தாழ 44 கிலோமீற்றர் வேகத்திற் சென்றால், புவியீர்ப்பிற் பாதியளவான விசை பக்கவாட்டில் வேலை செய்யும். அப்போது சுமார் 220 கிலோகிராம் பாரம் உட்சில்லுகளை விட்டு வெளிச்சில்லுகளுக்கு மாறுகிறது. பக்கத்துக்கு 600 ஆக இருந்தது 820உம் 380உம் ஆகிவிடுகிறது. எத்துணைத் தடித்த தண்டைப் பூட்டினாலும் இந்த 220 ஏறத்தாழ மாறுவதில்லை. காரின் கூரையிற் பயணப்பெட்டிகளை அடுக்கினால் ஈர்ப்பு மையம் உயர்ந்து அது கூடவுஞ் செய்யும். அதற்குத் தண்டு மருந்தாகாது.

தண்டினால் மாற்றக்கூடியது ஒன்றே. மாறும் பாரத்தில் எவ்வளவு பங்கு முன்சில்லுகளிடையே மாறவேண்டும், எவ்வளவு பின்சில்லுகளிடையே மாறவேண்டும் என்பதைத் தண்டு தீர்மானிக்கிறது. விறைப்புக் கூடிய முனை அதிகப் பங்கை ஏற்கிறது. பங்கை அதிகம் ஏற்ற முனை தன் பிடிமானத்தில் ஒரு பகுதியை இழக்கிறது. ஏன் இழக்கவேண்டும்? புறக்கோட்டையில் மூடை சுமக்கும் நாட்டாமைத் தொழிலாளர் இருவரை நினைத்துப் பாருங்கள். ஒருவருடைய மூடையையும் சேர்த்து மற்றவரின் முதுகில் ஏற்றினால், அவர் இருவருடைய வேலையையும் செய்துவிடுவதில்லை, தள்ளாடுகிறார். ரயரும் அவ்வாறே. பாரம் இரட்டித்தாற் பிடிமானம் இரட்டிப்பதில்லை. வெளிச்சில்லு பெறுவதிலும் உட்சில்லு இழப்பது அதிகம்.

ஆகவே முன்தண்டு தடித்தாற் பிடிமானத்தின் எல்லையில் முன்சில்லுகள் முதலில் வழுக்கும். சாரதி ஸ்டியரிங்கைத் திருப்பியும் கார் போதியளவு திரும்பாமல் வெளியே விலகும். பயந்த சாரதி இயல்பாகவே வேகத்தைக் குறைப்பார், பிடிமானம் மீளும். பின்தண்டு தடித்தாலோ பின்சில்லுகள் முதலில் வழுக்கி, காரின் பின்புறம் சுழன்று முன்னே வரப்பார்க்கும். அப்போது பயந்து வேகத்தைச் சட்டெனக் குறைப்பது நிலைமையை மோசமாக்கும். பந்தயச் சாரதிக்கு அது கைவந்த கலையாயிருக்கலாம். பாடசாலைக்குப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் தாயாரிடம் அதனை எதிர்பார்ப்பது அநியாயம். குடும்பக் கார்களைச் செய்வோர் முன்சில்லுகள் முதலில் வழுக்கும்படியே அவற்றை அமைப்பதன் காரணம் இதுதான். அக்கார்கள் ‘மந்தமானவை’ என்று இளைஞர் குறை கூறுவதன் காரணமும் இதுவே. அம்மந்தத்தைப் போக்கவே அவர்கள் பின்தண்டைத் தடிப்பாக்குகிறார்கள்.

இது ஏட்டுக் கணக்கன்று என்பதற்கு அமெரிக்காவின் ‘செவ்ரொலே கோர்வெயர்’ சாட்சி. ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் 1960ஆம் ஆண்டு மாதிரியாக வெளியிட்ட இக்குடும்பக் காரில் எஞ்சின் பின்புறத்தில் இருந்தது; எடையில் ஏறக்குறைய 60 வீதத்துக்கு மேல் பின்சில்லுகள்மீதே விழுந்தது. கடும் வளைவிற் பின்புறம் மேலெழுந்தால் சில்லுகள் உட்புறமாக மடங்கக்கூடிய அச்சமைப்பும் அதற்கிருந்தது. இத்தகைய காருக்கு முன்தண்டு பேருதவி செய்திருக்கும். முன்சில்லுகளைப் பாரத்தில் அதிகப் பங்கேற்கச் செய்து பின்சில்லுகளைக் காத்திருக்கும். ஆனால் அத்தண்டு முதல் ஆண்டுகளில் எல்லாக் கார்களுக்கும் பூட்டப்படவில்லை. அதற்கு ஈடாக, முன் ரயர்களில் சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தலும் பின் ரயர்களில் 26 இறாத்தலுமாகக் காற்று நிரப்பவேண்டும் என்று கைநூலில் எழுதப்பட்டது. கைநூலை யார் படிக்கிறார்கள்? நான்கு ரயர்களுக்கும் ஒரே அளவிற் காற்றடிப்பது உலகெங்கும் உள்ள வழக்கம்.

கார்கள் கவிழ்ந்தன, நூற்றுக்கு மேற்பட்ட வழக்குகள் எழுந்தன. 1964ஆம் ஆண்டு மாதிரியில் முன்தண்டு எல்லாக் கார்களுக்கும் வந்தது. பின்புறத்தில் குறுக்கு வில்லொன்றுஞ் சேர்க்கப்பட்டது. 1965இல் ரால்ப் நேடர் என்ற இளம் வழக்கறிஞர், எந்த வேகத்திலும் பாதுகாப்பற்றவை என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு நூலை வெளியிட்டு, அதன் முதல் அத்தியாயத்தைக் கோர்வெயருக்கே ஒதுக்கினார். செலவைக் கருதியே தண்டு விடப்பட்டது என்பது அவர் குற்றச்சாட்டு. அடுத்த ஆண்டில் அமெரிக்கா வாகனப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியதற்கு அந்நூலும் ஒரு காரணம். நியாயத்தின் பொருட்டு மற்றொன்றையுஞ் சொல்லவேண்டும்: 1972இல் வெளிவந்த அரசாங்கச் சோதனை அறிக்கை, பழைய கோர்வெயர் அக்காலத்து ஏனைய கார்களினும் மோசமானதன்று என்று தீர்ப்புக் கூறியது. அதற்குள் அந்தக் கார் தயாரிப்பிலிருந்தே மறைந்து மூன்றாண்டுகளாகிவிட்டன. எமது அபிப்பிராயத்தில், இருதரப்பும் முற்றாகப் பொய் சொல்லவில்லை. சாதாரண மனிதர் செய்யக்கூடிய சிறு கவனக்குறைவைத் தாங்காத அமைப்பு, பரிசோதனைக் களத்தில் தேறினாலும் குடும்பத்துக்கு ஏற்றதன்று.

1997இல் மேர்சிடிஸின் சிறிய ‘ஏ’ வகுப்புக் கார் சுவீடன் நாட்டுப் பத்திரிகையொன்றின் சோதனையில், திடீரென விலகித் திரும்பும்போது கவிழ்ந்த செய்தியையும் சிலர் நினைவுகூர்வார்கள். அந்நிறுவனம் விற்பனையை நிறுத்தி, சில்லமைப்பைத் திருத்தி, வழுக்கலைத் தடுக்கும் மின்னணுக் கருவியையும் பூட்டியபின்னரே மீண்டும் சந்தைக்கு வந்தது.

சரி, நமது வீட்டுக் காருக்கு என்ன செய்வது? முதலில் புதிதாக எதையும் வாங்கவேண்டாம். பல ஆண்டுகள் ஓடிய கார் வளைவில் அதிகம் சாய்கிறதென்றால், தண்டு மெலிந்துவிடவில்லை. அதனைப் பிடித்திருக்கும் இறப்பர் புஷ்கள் தேய்ந்திருக்கலாம். உடைந்த தெருவில் மெதுவாகச் செல்லும்போது முன்புறத்திலிருந்து ‘டக், டக்’ என்று ஓசை எழுந்தால் லிங்க்குகளைச் சந்தேகிக்கவேண்டும். தளர்ந்த லிங்க்கோடு இருக்கும் தண்டு, சாய்வு ஓரளவு ஏற்பட்ட பின்னரே வேலையைத் தொடங்கும். புஷ்களையும் லிங்க்குகளையும் மாற்றி, ஷொக் அப்சோபர்களைச் சோதித்து, ரயர்களுக்குக் கைநூலிற் சொன்ன அளவிற் காற்றடித்தபின், பலர் தடித்த தண்டின் நினைவையே விட்டுவிடுவார்கள். செலவும் மிகச் சொற்பம்.

அதன் பின்னரும் ஆசை தீராவிடின் தடையில்லை. ஒரே மாதிரிக் காரிலேயே மலிவான வகைக்கு மெல்லிய தண்டும், விலையுயர்ந்த வகைக்குச் சற்றுத் தடித்த தண்டும் அமைவதுண்டு. அவ்விரண்டாவது வகையின் தண்டே நமக்கு உகந்தது. செய்தவர்களே கணக்குப் பார்த்து வைத்தது. முன்னும் பின்னும் சோடியாக மாற்றுவது நன்று. பின்தண்டை மட்டும் பெருக்குவதை, அதுவும் மழையில் நனையும் மலைப்பாதைகளில் ஓடும் குடும்பக் காரில், நாம் ஒருபோதும் ஆதரிக்கமாட்டோம். தண்டு தடிக்கத் தடிக்க ஒருபக்கச் சில்லு கிடங்கில் விழும் அதிர்ச்சி மறுபக்கத்துக்கும் பாயும் என்பதையும் மறக்கலாகாது. குன்றும் குழியுமான ஒழுங்கைகளில் தினமும் ஓடும் காரில் தலைகள் இடமும் வலமும் ஆடும். வளைவிற் பெற்ற சுகத்தை வீட்டு வாசலில் இழப்போம்.

வேலை நடக்கும்போது காரின் ஒரு பக்கத்தை மட்டும் உயர்த்தக்கூடாது. தண்டு முறுக்குண்டு நிற்க, லிங்க் கழல மறுக்கும். இரு சில்லுகளும் ஒரே மட்டத்தில் இருக்கவேண்டும். இறப்பர் புஷ்களுக்குச் சாதாரண கிறீஸ் பூசினால் இறப்பர் ஊதிக் கெடும். சிலிக்கன் கிறீஸே பொருத்தமானது. கொழும்புப் பஞ்சிகாவத்தையிற் பழைய தண்டு வாங்குவோர் அதன் விட்டத்தை அளவுகோலால் அளந்து, புதிய புஷ்களின் துளையும் அதுவேதானா என்று பார்க்கவேண்டும். வளைவுகளில் ஆழ்ந்த துரு இருப்பின் விட்டுவிடுக. நெருப்பிற் காய்ச்சி நிமிர்த்திய அடையாளமோ, வெல்டிங் செய்த தழும்போ தென்பட்டால் எவ்வளவு மலிவாயினும் வாங்கவேண்டாம். வில்லுருக்குச் சூடேறினால் தன் பதத்தை இழந்துவிடும். அத்தகைய தண்டு, கார் நிறைந்த பாரத்தோடு வளைவிற் சாயும் வேளையிலேதான் முறியும்.