காணவில்லை என்பதும் இல்லை என்பதும்

திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத்தன்று கூட்டத்தில் உறவினரைத் தவறவிட்ட ஒருவர், இராஜகோபுர வாயிலில் கால் நாழிகை நின்று பார்த்துவிட்டு, “அவர் கோயிலுக்கே வரவில்லை” என்று கூறினால் நாம் ஒப்புவோமா? மேற்கே பே கோபுரத்தின் வழியாக அவர் சென்றிருக்கலாம். ஆராய்ச்சி அறிக்கைகளில் “குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை” என்று வரும் வாசகத்தையும் இவ்வாறே நிதானித்துப் படித்தல் வேண்டும்.

இவ்வட்டாரத்து நிலக்கடலை விவசாயி ஒருவர், ஜிப்சம் இட்ட ஒரு பாத்தியையும் இடாத ஒரு பாத்தியையும் ஒப்பிட்டு, விளைச்சலில் வேறுபாடு தெரியவில்லை எனக் கைவிடக்கூடும். மண்வாகும் ஈரமும் பாத்திக்குப் பாத்தி மாறுவதே ஜிப்சத்தின் பயனை மறைக்கப் போதும். பல வயல்களில் பார்த்தாலன்றி அச்சோதனை எதையும் மறுத்ததாகாது.

சோதனை மிகப் பெரிதாக இருந்தால்? 1968-ஆம் ஆண்டில், அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துத் திருவள்ளூர் வட்டாரத்தில், காசநோய்க்கெதிரான பி.சி.ஜி. ஊசியை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உலக சுகாதார நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் சோதிக்கத் தொடங்கிற்று. 2,50,000-க்கும் மேற்பட்டோரில் ஒரு பகுதியினர்க்குப் பி.சி.ஜி.யும் எஞ்சியோர்க்கு மருந்தில்லாத ஊசியும் குலுக்கல் முறையில் போடப்பட்டன. 7½ ஆண்டுக் கண்காணிப்பின் முடிவு 1979-இல் வெளியாயிற்று: நுரையீரல் காசநோயை ஊசி தடுத்ததாகத் தெரியவில்லை. மருத்துவ உலகம் திகைத்தது. எனினும் இதனைச் சிறு பாத்தியின் கதையாக ஒதுக்க இயலாது. இத்துணைப் பேரிடையே பெரும் பயன் இருந்திருப்பின் அது தென்பட்டே இருக்கும். 1999-இல் வெளிவந்த 15 ஆண்டுக் கண்காணிப்பும் பெரியவர்களிடம் பாதுகாப்பைக் காட்டவில்லை. கசப்பாயினும் இம்முடிவை நாம் ஏற்கத்தான் வேண்டும்.

ஆனால் கைக்குழந்தைகள்? அச்சோதனை முக்கியமாகத் தேடியது, சளியில் கிருமி காணும் நுரையீரல் நோயை. சிசுக்களுக்குப் பேராபத்து விளைப்பவை மூளை உறையைத் தாக்கும் காசநோயும் உடலெங்கும் பரவும் காசநோயுமாகும். அவற்றைக் கணக்கெடுக்க அச்சோதனை அமைக்கப்படவேயில்லை. அந்த வாயிலில் நின்று பார்த்தவை வேறு ஆய்வுகள். அவ்விரு கொடுமைகளினின்றும் பி.சி.ஜி. குழந்தைகளைப் பெருமளவு காப்பதை அவை கண்டன.

“செங்கற்பட்டில் பயனில்லை என்றார்களாமே?” எனத் தயங்கும் தாய்க்குக் கிராம சுகாதாரச் செவிலியர் இதனை எடுத்துரைக்கலாம். நம் நாட்டில் இவ்வூசி பிறந்தவுடன் போடப்படுகிறது. அப்போது தவறியிருப்பின், ஓராண்டு நிறைவதற்குள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுக்கொள்ளலாம்.