இருபது நிமிடக் காவலன்

பாவில் ஓர் இழை அறுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று வெம்பாக்கம் பக்கத்து நெசவாளிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மிதி நிற்கும். அறுந்த இழையைத் தேடி எடுத்து, முடிச்சுப் போட்டு, விழுதிலும் அச்சிலும் கோத்த பிறகுதான் நாடா மறுபடி ஓடும். கவனிக்காமல் நெய்துகொண்டே போனால் அந்தக் கோடு சேலையோடு சேர்ந்தே இறங்கும்.

நம் செல்களுக்குள்ளும் இதே வேலையைச் செய்கிற புரதம் ஒன்று இருக்கிறது. பெயர் பி53. டிஎன்ஏ இழை அறுந்தால் செல் இரண்டாகப் பிரிவதை இது நிறுத்திவைக்கும். சீராக்க அவகாசம் தரும். சீராக்க முடியாத சேதம் என்றால் அந்தச் செல்லையே சாகவைத்துவிடும். இந்தக் காவல் தவறும் இடத்தில் கட்டி வளர வழி பிறக்கிறது. மனிதருக்கு வரும் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதியில் பி53-இன் மரபணு பழுதாகியிருக்கிறது.

1979-இல் இதைக் கண்டுபிடித்தபோது விஞ்ஞானிகள் ஆளை மாற்றிப் புரிந்துகொண்டார்கள். புற்றுநோயை உண்டாக்கும் புரதம் என்றே பத்து ஆண்டுகள் நம்பினார்கள். ஆய்வகங்களில் அவர்கள் கையில் இருந்த மரபணுப் பிரதிகள் பழுதானவை என்பது பிறகுதான் தெரிந்தது. 1989-இல் தீர்ப்பு திருத்தப்பட்டது: குற்றவாளி என்று நினைத்ததே காவல்காரன்.

இவ்வளவு நல்ல காவலன் என்றால் செல் நிறைய அவன் இருக்கலாமே? இருக்கக் கூடாது. நலமாக இருக்கும் செல்லில் பி53 உற்பத்தியாகிக்கொண்டே இருக்கும், அழிந்துகொண்டும் இருக்கும். இருந்ததில் பாதி சுமார் 20 நிமிடத்தில் காணாமல் போய்விடும். அழிப்பது எம்டிஎம்2 என்ற இன்னொரு புரதம். அது பி53-இன் மேல் யுபிக்விட்டின் என்ற சிறு புரதத்தை ஒட்டிவிடும். ‘இதை உடைத்துப் போடு’ என்பதற்கான அடையாளச் சீட்டு அது. சீட்டு ஒட்டியதைச் செல்லின் கழிவு அரவை இயந்திரம் துண்டு துண்டாக்கிவிடும். இப்படிச் சீட்டு ஒட்டிப் புரதங்களை உடைக்கும் ஏற்பாட்டைக் கண்டறிந்ததற்காகத்தான் 2004-இன் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

எம்டிஎம்2 இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். கருவிலேயே இறந்தன. பி53-ஐயும் சேர்த்து நீக்கியபோது எலிகள் பிறந்து வளர்ந்தன. கட்டுப்பாடில்லாத காவலன் வீட்டாரையே கொன்றுவிடுவான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். டிஎன்ஏ அறுந்தால் பி53-இன் மேல் பாஸ்பேட் ஒட்டிக்கொள்ளும். எம்டிஎம்2-இன் பிடி நழுவும். பி53 குவிந்து வேலையைத் தொடங்கும். தன்னை அழிக்கும் எம்டிஎம்2-ஐ உற்பத்தி செய்யச் சொல்வதும் பி53-தான் என்பது எனக்கு இன்றும் வியப்பு. வேலை முடிந்தால் திரும்பிப் போகும் வழியையும் அதுவே போட்டுவைக்கிறது.

கருப்பை வாய்ப் புற்றுநோயில் கதை வேறு. அங்கே பெரும்பாலும் பி53-இன் மரபணு பழுதாவதே இல்லை. இந்தப் புற்றுநோய்க்குக் காரணமான பாப்பிலோமா வைரஸ் உள்ளே வந்து ஈ6 என்ற தன் புரதத்தைச் செய்கிறது. அது செல்லுக்குச் சொந்தமான ஒரு புரதத்தைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, பி53 உருவாக உருவாக அதன்மேல் சீட்டு ஒட்டுகிறது. நம் வீட்டு அரவை இயந்திரத்தில் நம் காவலனையே போடுகிற வேலை. ஈ7 என்ற இன்னொரு வைரஸ் புரதம் ஆர்பி என்ற மற்றொரு காவலனைக் கவனித்துக்கொள்கிறது.

1951-இல் அமெரிக்காவில் ஒரு பெண்ணின் கருப்பை வாய்க் கட்டியிலிருந்து எடுத்த ஹீலா செல்கள் இன்றும் உலக ஆய்வகங்களில் வளர்கின்றன. 2000-இல் அந்தச் செல்களில் வைரஸின் ஈ6, ஈ7 மரபணுக்களின் வாயை அடைத்தார்கள். அரை நூற்றாண்டாகப் பெருகிக்கொண்டிருந்த செல்களில் பி53 திரும்பவும் சேர்ந்தது. செல்கள் பிரிவதை நிறுத்தின.

இந்த வைரஸ் தொற்று பெரும்பாலோருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் தானே விலகிவிடும். தங்கிவிட்டாலும் புற்றுநோயாக மாற வழக்கமாகப் பத்து, இருபது ஆண்டுகள் ஆகும். அந்த இடைவெளிதான் நமக்குக் கிடைத்த நேரம். அதை எப்படிப் பயன்படுத்தலாம் என்று உலகத்துக்குக் காட்டியது திண்டுக்கல் மாவட்டம். 2000 முதல் 2003 வரை 30 முதல் 59 வயது வரையிலான சுமார் 49,000 பெண்களை அங்கே சோதனைக்கு அழைத்தார்கள். 31,000-க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். பயிற்சி பெற்ற செவிலியர்கள் வினிகரில் உள்ள அசெட்டிக் அமிலத்தை நீர்க்கச் செய்து கருப்பை வாயில் தடவினார்கள். மாறத் தொடங்கிய இடம் வெள்ளையாகத் தெரியும். தேவைப்பட்டவர்களுக்கு அந்த இடத்தை உறையவைத்து அகற்றினார்கள். மருத்துவர் ரங்கசாமி சங்கரநாராயணன் குழு 2007-இல் ‘லான்செட்’ இதழில் முடிவை வெளியிட்டது. ஒரே ஒரு முறை செய்த சோதனையால் அழைக்கப்பட்ட பெண்களிடையே இந்தப் புற்றுநோய் 25 சதவீதமும், இதனால் நேரும் மரணம் 35 சதவீதமும் குறைந்தன.

தறி ஒரு நாள் நின்றால் கூலி போகும் என்பது தெரியும். தார் சுற்றும் அக்காவும் அம்மாவும் வலியில்லாதபோது மருத்துவமனைக்குப் போக மாட்டார்கள் என்பதும் தெரியும். ஆனால் வலி வரும்போது அந்த இடைவெளி முடிந்திருக்கும். 30 வயது கடந்த பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இந்தச் சோதனை இலவசம். சில நிமிடங்களில் முடிந்துவிடும். மேல் சிகிச்சை வேண்டியிருந்தால் பக்கத்துக் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அண்ணா பெயரில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. இந்தப் பாவு முடிந்து அடுத்த பாவு ஏற்றும் முன், ஒரு நாள் காலையில் வீட்டுப் பெண்களை அழைத்துப் போய் வாருங்கள்.