பிஸ்கெட் டின்னில் கிடக்கும் மாத்திரை அட்டை

சேலையூரில் எனக்குத் தெரிந்த ஒரு அண்ணனுக்கு முதுகெலும்பில் ஆபரேஷன் முடிந்து 2 வருடமாகிறது. ஃபிரிட்ஜ் மேல் இருக்கும் பிஸ்கெட் டின்னில் பாதி பிரித்த டிரமடால் அட்டைகள் இன்னமும் கிடக்கின்றன. “வலி வந்தா ஆகும்னு வெச்சிருக்கேன்” என்கிறார் அண்ணி. வேலை போய், தூக்கம் கெட்டு, பேச்சும் குறைந்துபோன மனிதர் அதே வீட்டில்தான் இருக்கிறார். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

டிரமடால், டேபென்டடால், மார்ஃபின் எல்லாம் ஓபியாய்டு வகை வலிநிவாரணிகள். அளவு மீறினால் மூச்சையே மந்தமாக்கிவிடும். மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் ஆபத்து இன்னும் அதிகம். தீராத வலி ஒருபக்கம், மனச்சோர்வு மறுபக்கம் என்று தவிப்பவருக்குத் தற்கொலை எண்ணம் திடீரென்று பொங்கித் தணியக்கூடியது. அந்த நேரத்தில் மாத்திரை கைக்கு எட்டாமல் இருந்தாலே உயிர் தப்பலாம். டின்னைப் பூட்டி வையுங்கள்; மாத்திரையை வீட்டில் ஒருவர் பொறுப்பில் அன்றன்றைக்குக் கொடுங்கள். மனச்சோர்வு இருந்தாலோ அதற்கு மருந்து சாப்பிட்டாலோ, எலும்பு டாக்டரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள்.

அதற்காகப் பயந்து ஒரே நாளில் நிறுத்திவிடவும் கூடாது. திடீரென்று நிறுத்தியவர்களுக்குக் கடும் வலியும் மனவேதனையும் தற்கொலையும்கூட நேர்ந்ததாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019-இல் எச்சரித்தது. டாக்டர் சொல்லும் கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். புற்றுநோயாளிக்கு மார்ஃபின் கிடைப்பது தனி விஷயம். அது தடைபடக் கூடாது என்றுதான் 2014-இல் போதைப்பொருள் சட்டத்தையே திருத்தினார்கள்.

டிரமடால் 2018-இல் அந்தச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று கடைக்காரர் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். “தெரிஞ்ச கடைதானே” என்று சீட்டில்லாமல் கேட்டு வாங்கும் நம் பழக்கத்துக்கும், வீட்டில் மாத்திரை சேர்வதில் பங்குண்டு. அப்படி விற்கும் கடைமேல் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் புகார் தரலாம்.

எழுப்பினாலும் எழாமல், மூச்சு விட்டுவிட்டு வந்து, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, உதடு நீலம் பூத்தால், தூக்கக் கலக்கம் என்று விட்டுவிடாதீர்கள். உடனே 108. உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். காலி அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். மருந்து இன்னதென்று தெரிந்தால் மாற்று மருந்தான நலோக்சோனைத் தாமதமின்றிப் போடுவார்கள்.

“போலீஸ் கேஸ் ஆயிடும்” என்று தயங்குகிற வீடுகள் ஏராளம். குரோம்பேட்டை அரசு மருத்துவமனையோ, ஜி.எஸ்.டி. சாலைத் தனியார் மருத்துவமனையோ, காவல்துறைக்குத் தகவல் போகத்தான் செய்யும். ஆனால் அதைக் காரணம் காட்டி அவசர சிகிச்சையை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1989-இலேயே சொல்லிவிட்டது. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 115-ஆவது பிரிவுப்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும். அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆவது பிரிவு 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் இல்லை.

பேச யாருமில்லை என்று தோன்றினால் 14416, டெலி மானஸ். கட்டணமில்லை. ராத்திரி 2 மணிக்கும் தமிழில் பேசலாம்.